கதி தப்பாத சிரிப்பு

பாட்டும் படமும்: திருச்சி வரலாற்றுத் தொடர் – 11

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் தாத்தா வீட்டுக்குக் கேபிள் இணைப்பு வந்தது 1995க்குப் பிறகுதான். அந்தக் கோடை விடுமுறை முழுக்க நாங்கள் பேரப்பிள்ளைகள் கார்ட்டூன் நெட்வொர்க்கே கதியென்று கிடந்தோம். தாத்தா இளவயதில் வயலின் கற்றுக்கொண்டவர். வர்ணத்தைத் தாண்டுவதற்குள் ரயில்வேயில் வேலை கிடைத்ததால் வில்லைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். கைதான் நின்றதே தவிர காது நிற்கவில்லை. கல்யாண வீட்டில் நாயனக்காரர் ஒரு சுரம் நழுவவிட்டால் போதும், பந்தியில் ரசம் சாதம் பிசைந்துகொண்டிருப்பவர் தலை சட்டென்று நிமிரும்.

ஒரு மத்தியானம் டாம் என்கிற பூனை கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு பியானோ முன்னால் வந்து உட்கார்ந்தது. தாத்தா பேப்பரை மடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பியானோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரி எலிக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. அது பூனையின் விரல்மேல் மூடியைப் போட்டு நசுக்குகிறது, கட்டைகளுக்கு நடுவே எலிப்பொறியைச் செருகுகிறது, உள்ளே இருக்கும் சுத்தியல்களின் மேல் ஏறி ஆடுகிறது. நாங்கள் உருண்டு புரண்டு சிரித்தோம். தாத்தா சிரிக்கவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் சொன்னார்:

"ஏண்டா, இத்தனை அடி வாங்கியும் அந்தப் பூனை ஒரு அபஸ்வரம் விடலையேடா!"

போன இதழில் எஃப்.ஜி. நடேசய்யர் 1914இல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபாவையும், அங்கே அரிச்சந்திரன் மகன் லோகிதாசனாக மேடையேறிய பையன் பின்னால் எம்.கே. தியாகராஜ பாகவதராகி ஊரையே கட்டிப்போட்ட கதையையும் பார்த்தோம். அழவைத்த சங்கீதம் அது. சிரிக்கவைத்த சங்கீதத்துக்கும் இந்த ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் தொடங்கத் தாத்தாவின் இந்த ஒற்றை வாக்கியத்தைவிட நல்ல எடுப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பூனை வாசித்தது லிஸ்ட் என்ற ஹங்கேரி நாட்டு மேதையின் இரண்டாம் ஹங்கேரியன் ராப்சோடி. படத்தின் பெயர் 'தி கேட் கான்செர்ட்டோ'. எம்ஜிஎம் ஸ்டூடியோவில் ஹன்னாவும் பார்பெராவும் இயக்க, ஸ்காட் பிராட்லி இசையமைத்து 1947இல் திரைக்கு வந்தது, ஆஸ்கரும் வாங்கியது. வேடிக்கை என்னவென்றால், சில மாதங்களுக்கு முன்பு, 1946இல், வார்னர் ஸ்டூடியோவின் பக்ஸ் பன்னி முயலும் அதே ராப்சோடியைக் கோட்டு சூட்டோடு வாசித்து, அதுவும் ஒரு எலியிடம் அவதிப்பட்டிருந்தது. இரண்டு ஸ்டூடியோவும் 'நீ என்னைப் பார்த்து அடித்தாய்' என்று சண்டை போட்டன. யார் யாரைப் பார்த்தார்கள் என்பது இன்றுவரை தீராத வழக்கு.

எலியும் பூனையும் அடித்துக்கொள்ள லிஸ்ட் எதற்கு, ரோசினி எதற்கு, வாக்னர் எதற்கு? முதல் காரணம் காசு. செத்து நெடுநாள் ஆன மேதைகளுக்கு உரிமைத்தொகை கிடையாது. இரண்டாவது, அந்தக் காலத்து அமெரிக்கச் சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்த மெட்டுகளெல்லாம் ஊமைப்பட நாளிலிருந்தே காதில் பழகியவை. புயல் வந்தால் இந்த மெட்டு, குதிரை ஓடினால் அந்த மெட்டு என்று பியானோக்காரர்கள் வாசித்து வாசித்து ஊருக்கே தெரியும். மூன்றாவது காரணத்தைத்தான் தாத்தா கண்டுபிடித்தார். படம் எவ்வளவு கோணிக்கொண்டு போகிறதோ அவ்வளவு நேராக சங்கீதம் நின்றாக வேண்டும். சங்கீதமும் கூடச் சேர்ந்து கோணிவிட்டால் சிரிப்பு வராது, சத்தம்தான் வரும்.

1935இல் டிஸ்னி எடுத்த 'தி பேண்ட் கான்செர்ட்' இதற்குப் பாடப்புத்தகம். மிக்கி எலி பூங்காவில் நின்று ரோசினியின் 'வில்லியம் டெல்' முகப்பிசையை நடத்துகிறது. டொனால்ட் வாத்து நடுவில் புகுந்து குழலில் ஒரு நாட்டுப்புற மெட்டை ஊதிக் கச்சேரியைக் கெடுக்கப் பார்க்கிறது. கடைசியில் சூறாவளியே வந்து வாத்தியக்காரர்களை ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்தரத்தில் சுழன்றுகொண்டே அத்தனை பேரும் வாசிக்கிறார்கள். ஒருவரும் தாளத்தை விடவில்லை. சிரிப்பே அங்கேதான் இருக்கிறது.

இங்கே ஸ்ரீரங்கத்துக்காரனாக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். படத்துக்கு நடை கொடுப்பது, அதைத் தாளத்தோடு பொருத்துவது என்பதெல்லாம் எங்கள் ஊருக்கு ஹாலிவுட் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம்பெருமாள் புறப்பாட்டை ஒரு முறை கிட்ட நின்று பார்த்தவர்களுக்குப் புரியும். கர்ப்பகிருகத்தை விட்டு வெளியே வரும்போது சிம்ம கதி: குகையிலிருந்து புறப்படும் சிங்கம் இப்படியும் அப்படியும் பார்த்து அடியெடுத்து வைப்பது போல. வழியில் கஜ கதி. திரும்பி ஆஸ்தானத்துக்குள் நுழையும்போது சர்ப்ப கதி: பாம்பு புற்றுக்குள் சரேலென்று போவது போல. பெருமாள் அசைவதில்லை, சிங்கத்தையும் பாம்பையும் நம் கண்முன் கொண்டுவருவது தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகளின் கால்கள். பிரம்மோற்சவத்தில் கோண வையாளி என்று ஒன்று உண்டு. குதிரை வாகனத்தோடு வளைந்து வளைந்து ஓடுவார்கள். பார்க்கிற குழந்தை ஒவ்வொன்றும் சிரிக்கும், பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டே சிரிப்பார்கள். பங்குனி உத்திரத்தில் தாயார் கதவைச் சாத்திக்கொள்ள, பெருமாள் வெளியே நின்று பூவாலும் பழத்தாலும் அடி வாங்கும் மட்டையடி உற்சவமும் இதே கோவிலில்தான். தெய்வ காரியத்துக்கும் சிரிப்புக்கும் பகை உண்டென்று ஸ்ரீரங்கத்தில் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கதி என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள். பல்லக்குத் தூக்குகிறவருக்கும் கதிதான், மிருதங்கம் வாசிக்கிறவருக்கும் கதிதான். திஸ்ர கதி, கண்ட கதி என்கிறோம். நடை என்றாலும் அதே கதைதான். காலுக்கும் தாளத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற பாஷை இது.

அமெரிக்கக் கார்ட்டூன்காரர்கள் இதையே எண்ணிக்கையில் செய்தார்கள். சினிமாவில் நொடிக்கு 24 படச் சட்டங்கள். ஒரு தட்டுக்கு 12 சட்டம் என்று வைத்தால் நிமிடத்துக்கு 120 தட்டு. எட்டாகக் குறைத்தால் 180. பூனை எத்தனையாவது சட்டத்தில் வழுக்க வேண்டும், எத்தனையாவதில் தரையில் விழ வேண்டும் என்று இசைக் கோடு போட்ட தாளில் முன்கூட்டியே குறித்துவிடுவார்கள். வழுக்குவது கோர்வை என்றால் விழுவது எடுப்பு. திருச்சிப் பக்கத்து ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரியில் பல்லவி பாடும்போது, கணக்கு சுற்றிச் சுற்றி எங்கோ போய் 'இனி வந்து சேராது' என்று நாம் கைவிடுகிற நேரத்தில் எடுப்பில் வந்து உட்காருமே, அப்போது சபையில் ஒரு சிரிப்பு எழும். விகடத்தைக் கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு இல்லைதான். ஆனால் பூனை சரியான சட்டத்தில் விழும்போது வருகிற சிரிப்புக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. (இன்னொன்று: இவர்கள் உடன்பிறந்த சகோதரர்களே இல்லை. சிவசுப்பிரமணிய ஐயர், குரு வெங்கடேசய்யரின் மகன். சீனிவாச ஐயர், அவர் சீடர்.)

இனி ஆட்களுக்கு வருவோம். வார்னர் கார்ட்டூன்களுக்கு 1936 முதல் 1958 வரை இசை கொடுத்தவர் கார்ல் ஸ்டாலிங். 600க்கும் மேற்பட்ட படங்கள். வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஐம்பது பேர் வாத்தியக்குழுவுக்கு எழுதித் தள்ளினார். அவர் எங்கே கற்றார்? கன்சாஸ் நகரத்துச் சினிமாக் கொட்டகையில், ஊமைப்படத்துக்குக் கீழே உட்கார்ந்து ஆர்கன் வாசித்து. திரையில் யார் என்ன செய்தாலும் கை அந்தக் கணமே பதில் சொல்ல வேண்டும். வால்ட் டிஸ்னியின் பழக்கம் கிடைத்ததும் அங்கேதான்.

நம்முடைய ஜி. ராமநாதன் பிறந்தது கொள்ளிடத்துக்கு அக்கரையில் பிச்சாண்டார்கோவிலில். அண்ணன் சுந்தர பாகவதர் கதாகாலட்சேபம் செய்பவர். தம்பி ராமநாதன் அவருக்கு ஆர்மோனியம். காலட்சேபத்தில் ஆர்மோனியக்காரன் பாடு சாமானியமானது இல்லை. பாகவதர் ஒரு நிமிடம் நந்தனாக உருகுவார். மறு நிமிடம் வேதியராக உறுமுவார். அடுத்து ஊர்க்கிழவி போலப் பொக்கை வாயால் பேசிக் கூட்டத்தைச் சிரிக்கவைப்பார். சிரிப்பு அடங்குவதற்குள் முகாரிக்குத் தாவுவார். பின்னால் இருக்கிறவன் அவர் தோளைப் பார்த்தே அடுத்தது என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். கன்சாஸ் கொட்டகையில் ஸ்டாலிங் செய்ததும் கொள்ளிடக் கரையில் ராமநாதன் செய்ததும் ஒரே வேலை. ஒருவருக்குத் திரை, மற்றவருக்கு அண்ணன்.

திரையும் திருச்சிக்குப் புதிதல்ல. தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக மாதம் 25 ரூபாய்ச் சம்பளத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து 2,250 ரூபாய்க்குப் படக்கருவியை வாங்கிக் கூடாரம் போட்டது இந்த ஊரில்தான், 1905இல். அவர் கதைக்குத் தனி அத்தியாயம் வரும், இப்போது அவசரம்.

காலட்சேபம் என்றதும் ஒருவரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. நாகர்கோவில்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் திருச்சிக் கணக்கில் வரமாட்டார். ஆனால் சாஸ்திரிய வடிவத்தைச் சிரிப்புக்குக் கையாண்டதில் அவரே தமிழ்நாட்டுக்கு ஆசான். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் காலட்சேபக்காரர்களுக்குச் சோறு போட்ட கதை. அதன் அச்சை அப்படியே எடுத்துக்கொண்டு கலைவாணர் 'கிந்தனார்' செய்தார். நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான் என்றால் கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிறான். 1949இல் 'நல்லதம்பி' படத்திலும் இது வந்தது. பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள்: பஞ்சகச்சம், சப்ளாக்கட்டை, பின்பாட்டு எல்லாம் முறைப்படி இருக்கும். ராகத்தை அவர் கேலி செய்யவில்லை. கேலி வேறு இடத்துக்குப் போகிறது. ஊர் வழக்கத்தின் மேல், சேரிப் பையனைப் படிக்கவிடாதவன் மேல். காலட்சேபத்தை அவர் அரைகுறையாகச் செய்திருந்தால் அது வெறும் நையாண்டியாகப் போயிருக்கும்.

இப்போது கதாநாயகர். மலைக்கோட்டை அடிவாரத்தில் 1924இல் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்த திருச்சி லோகநாதன். தியாகராஜ பாகவதரின் தகப்பனாரும் நகைத் தொழில்தான். ஒரே ஊர், ஒரே தொழில், இரண்டு குரல். தட்டார் பட்டறையில் நகையைப் பற்றவைக்கும்போது பொடி வைத்து ஊதுவார்கள். பொடியும் தெரியாது, பற்றும் தெரியாது, நகை ஒன்றாகிவிடும். உள்ளர்த்தம் வைத்துப் பேசுகிறவனைப் 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்று சொல்வது இதிலிருந்து வந்ததுதான். லோகநாதன் குரலில் அந்தப் பொடி உண்டு.

ஜி. ராமநாதன் இசையில், 1950இல் வந்த 'மந்திரிகுமாரி'யில், ஜிக்கியோடு அவர் பாடிய 'வாராய் நீ வாராய்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவியை மலை உச்சிக்கு ஆசையாகக் கூப்பிடுகிறான். அவன் எண்ணம் அவளைக் கீழே தள்ளுவது. பாட்டில் அந்தக் கெட்ட எண்ணத்தின் நிழல்கூட விழாது. குரல் குளிர்ந்த காற்றாகப் போகும். பிச்சாண்டார்கோவில்காரரும் மலைக்கோட்டைக்காரரும் சேர்ந்து செய்த வேலை அது. காட்சி ஒரு பக்கம் வளையும்போது குரலை நேராக நிறுத்துகிற வித்தை லோகநாதனுக்கு அப்போதே கைவந்துவிட்டது. பயங்கரத்துக்குப் பயன்பட்ட அதே வித்தை ஏழு வருஷம் கழித்துச் சிரிப்புக்குப் பயன்பட்டது.

1957 ஏப்ரலில் தமிழ் 'மாயாபஜார்' வந்தது. வடபழனி விஜயா வாகினி தயாரிப்பு, கே.வி. ரெட்டி இயக்கம், கண்டசாலா இசை, மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு. கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ் கல்யாண வீட்டுப் பண்டங்களுக்கு முன்னால் உட்கார்கிறார். 'கல்யாண சமையல் சாதம்' தொடங்குகிறது. தஞ்சை ராமையாதாஸ் எழுத்து, திருச்சி லோகநாதன் குரல். லட்டு தானாகப் பறந்து வந்து வாயில் விழுகிறது. இது கார்ட்டூன் இல்லாமல் வேறென்ன? வரைந்த உருவத்துக்குப் பதிலாக ரங்காராவ், அவ்வளவுதான் வித்தியாசம். கன்னம் உப்புவதும் கண் உருள்வதும் தொடை தட்டுவதும் தட்டுக்குத் தட்டு பாட்டோடு பொருந்துகின்றன. பாட்டை முதலில் பதிவு செய்துகொண்டு, அதை ஒலிக்கவிட்டுப் படமெடுக்கிற முறை நமக்கும் கார்ட்டூன்காரர்களுக்கும் பொது. பின்னணிப் பாட்டு என்று பெயர்தான், பிறப்பதோ முன்னால்.

அந்தப் பாட்டின் உயிர் வார்த்தையில் இல்லை, நடுநடுவே வரும் சிரிப்பில் இருக்கிறது. அது சும்மா சிரிக்கிற சிரிப்பு அல்ல. ஒவ்வொரு 'ஹ'வும் ஒரு சுரத்தில் நிற்கிறது. சிரித்துக்கொண்டே சுருதியில் இருப்பது எத்தனை கடினம் என்பதை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு முயன்று பாருங்கள். சிரிக்கும்போது வயிறு குலுங்கும், மூச்சு துண்டுபடும், தொண்டை தன் வசத்தில் இருக்காது. அந்தக் குலுங்கலை அகாரச் சாதகம் போலக் கட்டுக்குள் வைத்திருக்கிறார் லோகநாதன். எங்கேயும் இளிக்கவில்லை. 'இப்போது நீங்கள் சிரிக்க வேண்டும்' என்று குரலால் கண்ணடிக்கவும் இல்லை.

இந்த மெட்டு ராக லட்சணத்துக்குள் அடங்குகிற கர்நாடக மெட்டு இல்லை என்று பண்டிதர்கள் சொல்வார்கள். உண்மைதான். இதன் பூர்வீகத்தைத் தேடினால் தெலுங்கு நாடக மேடைக்கும் பழைய கிராமபோன் தட்டுக்கும் போகும். சார்லஸ் பென்ரோஸ் என்ற ஆங்கிலேயர் 1922இல் பதிந்த சிரிக்கும் போலீஸ்காரன் பாட்டின் சாயலை இதில் கேட்பவர்கள் உண்டு, எனக்கும் கேட்கிறது. அந்தப் பாட்டுக்கும் மூலம் ஜார்ஜ் ஜான்சன் என்ற கறுப்பினப் பாடகர் 1890களில் பதிந்த சிரிப்புப் பாட்டு. அமெரிக்காவில் கிளம்பிய சிரிப்பு இங்கிலாந்து வழியாக வடபழனிக்கு வந்து, மலைக்கோட்டைத் தொண்டையில் உட்கார்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். தெலுங்கில் மாதவபெத்தி சத்யம் பாடியதையும் கேட்டிருக்கிறேன். அவருடையது முரட்டு ராட்சசன். லோகநாதனுடையது சங்கீதம் தெரிந்த ராட்சசன். ஊர்ப்பாசம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து, அதே 1957 ஜூலையில், ஹாலிவுட்டில் 'வாட்ஸ் ஓபரா, டாக்?' வந்தது. சக் ஜோன்ஸ் இயக்கம், இசை மில்ட் ஃபிராங்க்ளின். வாக்னரின் ஓபரா வரிசை ஒன்று நாலு ராத்திரிக்கு நீளும். ஏறக்குறைய பதினைந்து மணி நேரம். அதோடு அவருடைய மற்ற ஓபராக்களிலிருந்தும் கொஞ்சம் கிள்ளிப் போட்டு ஏழு நிமிடத்துக்குள் அடக்கினார்கள். வேட்டைக்காரன் எல்மர் இரும்புத் தொப்பி மாட்டிக்கொண்டு, போர்க்கன்னியர் சவாரி மெட்டில், முயலைக் கொல்லப்போவதாகச் சபதம் பாடுகிறான். முயல் பொன்னிறப் பின்னல் வைத்துக்கொண்டு குண்டுக் குதிரைமேல் வருகிறது. வாத்தியக்குழுவோ மெய்யான ஓபராவுக்கு வாசிப்பது போலவே வாசிக்கிறது. 1992இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இந்தப் படம் ஏறியது. வாக்னரை இதில்தான் முதலில் கேட்டோம் என்று சொல்லும் அமெரிக்கர்கள் ஏராளம். நம் ஊரில் எத்தனை பேருக்கு நந்தனாரைவிடக் கிந்தனார் முதலில் அறிமுகமானார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அதே சக் ஜோன்ஸ் 1949இல் எடுத்த 'லாங்-ஹேர்ட் ஹேர்' படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு வேறு காரணம். அதில் ஜோவானி ஜோன்ஸ் என்று ஒரு ஓபரா வித்வான். மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டில் சாதகம் செய்கிறார். பக்கத்தில் முயல் பாஞ்சோ மீட்டிக் காட்டுப்பாட்டுப் பாட, வித்வானின் வாய் தன்னை மறந்து அந்த மெட்டுக்குத் தாவிவிடுகிறது. கோபத்தில் முயலை அடித்து நொறுக்குகிறார். அன்று இரவு கச்சேரியில் முயல் பழிவாங்குகிறது. நடத்துனர் வேஷத்தில் வந்து, கையை உயர்த்தி அவரை ஒரு தாரஸ்தாயி சுரத்தில் நிறுத்திவைத்துவிட்டுக் கையை இறக்க மறுக்கிறது. முகம் சிவந்து, நீலமாகி, மண்டபக் கூரையே இடிந்து விழுகிறது.

இந்த வித்வானை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றும். 1965, 'திருவிளையாடல்', ஹேமநாத பாகவதர். டி.எஸ். பாலையா அந்தச் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, சீடர் கூட்டத்தை ஓரக்கண்ணால் பார்த்தபடி, பாண்டியன் சபையில் 'ஒருநாள் போதுமா' பாடுகிறார். கே.வி. மகாதேவன் இசை, கண்ணதாசன் பாட்டு, குரல் பாலமுரளிகிருஷ்ணா. மாண்டு, தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகம் ராகமாகப் போகிறது. தீட்சிதர் கீர்த்தனையில் ராகத்தின் பெயரைச் சாகித்தியத்துக்குள் மறைத்து வைப்பாரே, அந்த ராக முத்திரையைக் கவிஞர் இங்கே தற்பெருமைக்குப் பயன்படுத்தியிருக்கிறார். ஓடிவருவதற்குள் தோடி ஒளிந்திருக்கிறது. அரசவைக்குள் தர்பார். கானடாவின் கடைசி 'டா' சபையைப் பார்த்து 'ஏன்டா' என்பது போலவே விழுகிறது. சாஸ்திரிய உத்தியை வைத்துச் செய்த நகைச்சுவை இதைவிட நுட்பமாகத் தமிழ்ச் சினிமாவில் வேறெங்கும் நான் கேட்டதில்லை.

பாலையாவின் முகத்தை மறைத்துவிட்டுக் கேளுங்கள். முதல் தரமான ராகமாலிகை. குரலை அணைத்துவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள். முதல் தரமான கோமாளி. இரண்டும் சேரும்போது பிறக்கிறது ஹேமநாதர். பாலமுரளி கொஞ்சம் அலட்டிப் பாடியிருந்தாலோ ஒரு சங்கதியை வேண்டுமென்று கெடுத்திருந்தாலோ படமே சாய்ந்திருக்கும். ஏனென்றால் கதைப்படி ஹேமநாதர் நிஜமாகவே பெரிய வித்வான். அவரைத் தோற்கடிக்கக் கடவுளே விறகு சுமந்து வர வேண்டியிருந்தது.

முயலின் பழிவாங்கலோடு ஒப்பிட்டால் நம் கதை நாசூக்கானது. கூரை இடியவில்லை. நடுராத்திரியில் திண்ணையில் படுத்திருக்கும் விறகுவெட்டி 'பாட்டும் நானே' என்று எடுக்கிறான். கௌரிமனோகரி. டி.எம். சௌந்தரராஜன் குரல், சிவாஜி கணேசன் முகம் (அவருடைய பிள்ளைப்பிராயம் திருச்சி சங்கிலியாண்டபுரத்தில்). பாடுகிறவர், வீணைக்காரர், மிருதங்கக்காரர், குழல்காரர் எல்லாமே சிவாஜியாகத் திரையில் முளைக்கிறார்கள். இந்தத் தந்திரக் காட்சிக்கும் ஒரு முன்னோடி உண்டு. 1944இல் 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் புதுக்கோட்டைக்காரரான பி.யு. சின்னப்பா ஒரே மேடையில் ஐந்து சின்னப்பாவாக உட்கார்ந்து பாட்டும் பக்கவாத்தியமும் தாமே செய்து காட்டினார். அமெரிக்காவில் பஸ்டர் கீட்டன் 1921இலேயே ஒரு வாத்தியக்குழு முழுவதும் தானாகவே வந்து சிரிக்கவைத்திருந்தார். கீட்டன் செய்தபோது சிரித்தார்கள். சின்னப்பா செய்தபோது வாயைப் பிளந்தார்கள். சிவாஜி செய்தபோது கும்பிட்டார்கள். தந்திரம் ஒன்றுதான்.

வடக்கே நிலைமை வேறு. 1968இல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் உச்சிக்குடுமியும் நாமமுமாகத் தென்னிந்தியப் பாட்டு வாத்தியார். மன்னா டே அவருக்குப் பாட, கிஷோர் குமார் எதிரே நின்று கலாட்டா செய்கிறார். படித்தவன் தோற்கிறான், பாடத் தெரியாதவன் திரைமறைவுக் குரலை வைத்துக்கொண்டு ஜெயிக்கிறான். சிரிக்காமல் பார்க்க முடியாது. ஆனாலும் அங்கே பாதிச் சிரிப்பு சங்கீதத்தால் வருகிறது, மீதி நம் உச்சரிப்பைப் பார்த்து வருகிறது. முதல் பாதிக்குச் சிரிப்பேன், மற்றதற்குச் சிரிக்க எனக்கு மனசு வருவதில்லை. மன்னா டே மட்டும் அந்தக் கலாட்டாவுக்கு நடுவிலும் சுரத்தை விடாமல் நிற்கிறார். தாத்தாவின் பூனை மாதிரி.

போன தை மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து முதல் பந்திக்கு இலை போட்டார்கள். மேடையில் நாயனக்காரர் சீவாளியை மாற்றிக்கொண்டு, கூடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு 'கல்யாண சமையல் சாதம்' எடுத்தார். பரிமாறுகிற பையன் லட்டுத் தட்டோடு சரியாக அந்த நேரம் பார்த்து நுழைந்தான். கடோத்கஜன் சிரிக்கிற இடம் வந்தது. வார்த்தை இல்லை, குரல் இல்லை, வெறும் குழலில் அந்தச் சிரிப்பைச் சுரம் சுரமாக உதிர்த்தார். இலை முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைகூடச் சிரித்தார். தவில்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் நாயனத்தின் மேல் இருந்தது, கை எடுப்புக்காகக் காத்திருந்தது.

(தொடரும்)